பாய்மரம் முறிந்த ‘மீட்டியோர்’: குளச்சல் பட்டறையில் செய்து வாங்கிய மாதிரிக் கப்பல்

பாய் விரித்து நிற்கும் மாதிரிக் கப்பல்கள் கன்னியாகுமரிக் கடைகளில் வேண்டிய மட்டும் கிடைக்கும். நான் கேட்டது வேறு. 1870 நவம்பர் 9 அன்று ஹவானாவுக்கு வெளியே இரண்டு பாய்மரங்கள் சரிந்து கிடந்த ‘மீட்டியோர்’ என்ற ஜெர்மன் பீரங்கிப் படகு. குளச்சல் பக்கம் வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவரிடம் சொன்னேன். “ஒடிந்த கப்பலை வீட்டில் வைக்கலாமா அண்ணாச்சி?” என்று தயங்கினார். கதையைக் கேட்டபிறகுதான் உளியை எடுத்தார்.

பிரான்சும் ஜெர்மானியரும் போரிட்ட காலம் அது. கியூபாவின் ஹவானா அப்போது ஸ்பெயின் வசம்; இரு தரப்பையும் சேராத நடுநிலைத் துறைமுகம். அங்கே வந்த பிரெஞ்சுக் கப்பல் ‘புவே’ முதலில் வெளியேற, நடுநிலைத் துறைமுக விதிப்படி 24 மணி நேரம் பொறுத்துத்தான் மீட்டியோர் கிளம்ப முடிந்தது. கடலில் புவே முட்ட வந்தது. உரசிய வேகத்தில் நடுமரமும் பின்மரமும் சாய்ந்து, கயிறுகள் கப்பலைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டன. அந்த நிலையில் மீட்டியோர் சுட்ட குண்டு புவேயின் இன்ஜினை முடக்கிவிட்டது. புவே பாய் விரித்து ஸ்பெயினின் நடுநிலைக் கடலுக்குள் ஓடிற்று. சிக்கலை அறுத்துவிட்டுத் துரத்திய மீட்டியோரை ஸ்பெயின் போர்க்கப்பல் நிறுத்தியது. 1865-இல் கடலில் இறங்கி 1877-இல் ஓய்வு பெற்ற படகு அது. பிற்காலத்தில் கான்ஸ்டான்டினோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) காவல் நின்றதையெல்லாம் யார் செய்து வாங்குவார்கள்?

ஆசாரியின் கைத்திறனைப் பின்பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். வலைநூலைப் புன்னை எண்ணெயில் ஊறவைத்து, விசிறியின் இதழ்களுக்கிடையே புரி புரியாக இறுக்கியிருக்கிறார். ஒரு நுனி பிய்ந்து தொங்குகிறது. கப்பல் இன்ஜினோடு காலம் கழித்த எனக்கு அதைப் பார்த்தாலே கை பரபரக்கிறது. முறிந்த மரங்களையும் ரம்பத்தால் அறுக்காமல், கையால் ஒடித்துச் சிலாம்பு தெரிய விட்டிருக்கிறார். உடல் அயினி மரம். நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு.

பீரங்கிகளில் கோட்டை விட்டார். நிஜப் படகில் ஒன்றின் குழல்வாய் 15 சென்டிமீட்டர், மற்ற இரண்டும் 12 சென்டிமீட்டர். இவரோ மூன்றையும் ஒரே அளவில் கடைந்துவிட்டார். இன்றைய ஜெர்மனியின் மூவண்ணக் கொடியைக் கட்டியிருந்தார். வெள்ளையில் கருஞ்சிலுவையும் கழுகும் கொண்ட அந்நாளைய போர்க்கொடியைப் படத்தில் காட்டியதும் முணுமுணுக்காமல், காசும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். புகைபோக்கிக்கு அடித்த பளபள எனாமலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விலை 9,000 ரூபாய். கண்ணாடிப் பெட்டி தனி. பெட்டியின் மூலைகளில் இடைவெளி இருக்கிறது. கடற்கரையில் வீடு உள்ளவர்கள் முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் செம்பு களிம்பேறிவிடும். பீரங்கி அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.