கோமியின் கடிதமும் ஹன்டரின் மடிக்கணினியும்

அமெரிக்க அதிபர் தேர்தல்களில் கடைசி நேரத்தில் வெடித்த இரண்டு செய்திகள்; ஊடகங்கள் நடந்துகொண்ட விதமோ நேரெதிர்.

2016 அக்டோபர் 28. வாக்குப்பதிவுக்கு 11 நாள்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரசுப் பணிக்குத் தனிப்பட்ட மின்னஞ்சல் சர்வரைப் பயன்படுத்தியது பற்றிய விசாரணைக்குத் தொடர்புடையவையாகத் தோன்றும் புதிய மின்னஞ்சல்கள் கிடைத்திருப்பதாக மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அவற்றுக்கு முக்கியத்துவம் உண்டா என்று இப்போது சொல்ல இயலாது என்பதும் அதே கடிதத்தில் இருந்தது. அதை யார் கவனித்தார்கள்? மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தின் மேற்பாதியை இதற்கே தாரை வார்த்தது. நவம்பர் 6-இல் ‘வழக்குத் தொடரத் தேவையில்லை என்ற பழைய முடிவில் மாற்றமில்லை’ என்றார் கோமி. அதற்குள் பல மாநிலங்களில் லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வாக்களித்துவிட்டனர்.

2020 அக்டோபர் 14-இல் நியூயார்க் போஸ்ட் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ பைடனின் மகன் ஹன்டருடையது எனச் சொல்லப்பட்ட மடிக்கணினியில் இருந்த மின்னஞ்சல்கள் பற்றிய செய்தியை வெளியிட்டதும், ட்விட்டர் அந்த இணைப்பையே பகிரவிடாமல் தடுத்தது. பெரிய பத்திரிகைகள் தள்ளி நின்றன. சரிபார்க்க வன்தட்டின் நகல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2016-இல் இல்லாமல் போனதே அதுதான். ஆனால், ரஷ்யாவின் கைவரிசைபோல் தெரிகிறது என்று 51 முன்னாள் உளவு அதிகாரிகள் எழுதிய கடிதத்துக்கு மட்டும் அந்தத் தயக்கம் காட்டப்படவில்லை. தங்களிடம் ஆதாரமில்லை என்று அவர்களே அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சல்களில் சில உண்மையானவை என்பதை வாஷிங்டன் போஸ்ட் உறுதிசெய்தது 2022 மார்ச்சில்.