லோஜ்பானில் எஃப் ஆஃப் எக்ஸ்: பழகிய பிறகு தோன்றுவது

லோஜ்பானைச் சில வருடங்களாக விட்டு விட்டுப் பயன்படுத்தி வருகிறேன். தர்க்க இலக்கணத்தை அடித்தளமாக வைத்து 1987-ல் தொடங்கப்பட்ட செயற்கை மொழி. கணக்கை வாயால் சொல்வதற்கென்றே அதில் 'மெக்ஸோ' என்றொரு ஏற்பாடு உண்டு. 1997-ல் வந்த இலக்கண நூலில் 18-ஆம் அத்தியாயம் முழுக்க அதற்குத்தான். என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அந்த அத்தியாயம். (கீழே வரும் சொற்களின் உச்சரிப்பு தோராயமானது.)

சாதாரணக் கூட்டல் கழித்தல் வரை குறையே சொல்ல முடியாது. 'லி ரே சுஹி ரே து லி வோ' என்றால் இரண்டும் இரண்டும் நாலு. 'வோ' இருக்கும் இடத்தில் 'ஹோ' போட்டால் அதுவே கேள்வியாகிவிடும். அழகான வேலை.

சார்புக்கு (ஃபங்ஷன்) வந்ததும்தான் சங்கடம். எஃப் ஆஃப் எக்ஸ், அதாவது f(x) என்பதை 'மஹோ ஃப பொய் ஹ' என்று சொல்ல வேண்டும். 'ஃப' இங்கே எண் அல்ல, சார்பின் பெயர் என்று காட்டுவது 'மஹோ'. நடுவில் நிற்கும் 'பொய்' வெறும் தடுப்பு. அதை விட்டால் இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராகிவிடும், சார்புக்குள் போட ஒன்றும் மிஞ்சாது. சரி, எஃப் ஆஃப் எக்ஸோடு ஒன்றைக் கூட்ட வேண்டுமா? முதலில் 'குஹே' போட்டுச் சார்பை மூட வேண்டும். மூடாவிட்டால் கூட்டலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காகிதத்தில் ஒரு அடைப்புக்குறியோடு முடிகிற விஷயம் இது.

அப்புறம் முன்னுரிமை. நாம் பள்ளியில் படித்த போட்மாஸ் இங்கே தானாக வராது. கணக்கு இடமிருந்து வலமாக அப்படியே நடக்கும். 'பா சுஹி ஹ தெஹா ரே' என்றால் ஒன்றோடு எக்ஸைக் கூட்டி, வந்ததை வர்க்கமாக்கு என்று பொருள். எக்ஸ் 2 என்றால் 5 வர வேண்டிய இடத்தில் 9 வரும். 'தெஹா'வுக்கு முன்னால் 'பிஹே' சேர்த்தால்தான் வர்க்கம் முதலில் நடக்கும். பேச்சில் இந்தக் குட்டிச் சொல்லைக் கேட்பவர் கவனிப்பார் என்று நம்ப முடியாது. எழுத்தில் பரவாயில்லை, வாக்கியத்தை அலசிக் காட்டும் பார்சர் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பழைய எச்பி கால்குலேட்டர் பிரியர்களுக்காக 'ஃபுஹா' போட்டு ரிவர்ஸ் போலிஷ் முறையிலும் (எண்களை முதலில் சொல்லி, கூட்டல் போன்ற குறியைக் கடைசியில்) சொல்லலாம். ஜாலியாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மெக்ஸோவைச் சுற்றிக்கொண்டு போவதே என் வழக்கம். லோஜ்பானில் வினைக்கும் பெயருக்கும் பேதமில்லை, எல்லாம் உறவைச் சொல்லும் சொற்கள். சார்பும் ஓர் உறவுதானே? சைனுக்கு 'சின்சோ' என்ற சொல் இருக்கிறது: முதல் இடத்தில் இருப்பது, இரண்டாம் இடத்தில் உள்ள கோணத்தின் சைன். அதனால் 'ப சின்சோ ஹ' (பி என்பது எக்ஸின் சைன்) என்றாலே வாக்கியம் முடிந்தது. 'மஹோ'வும் வேண்டாம், 'குஹே'யும் வேண்டாம். பெருக்கலுக்கு 'பில்ஜி', கூட்டலுக்கு 'சும்ஜி'. சார்பைப் பற்றியே பேச வேண்டுமானால் 'ஃபன்ஷு' என்ற சொல்லுக்கு நாலு இடம்: சார்பு, அதன் சார்பகம், வீச்சகம், விதி. பாடப்புத்தக வரையறையே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு சமன்பாட்டை உள்ளது உள்ளபடி படித்துக்காட்ட வேண்டுமானால் மட்டும் மெக்ஸோவை எடுக்கிறேன். வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும் மேட்ரிக்ஸுக்கும்கூட அதில் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவற்றைப் படித்ததோடு சரி.