கல்சியத்தை மறிப்பதா, பொற்றாசியத்தைத் திறப்பதா? நாடிச் சுவரைத் தளர்த்தும் இரண்டு வழிகள்

நாடிகள் கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் ஆகும் சிறு நாடியான புன்னாடி மிக மெல்லிய குழாய். ஆனால் குருதியமுக்கத்தைத் தீர்மானிப்பதில் அதன் பங்கு இதயத்தின் பங்குக்குக் குறைந்ததல்ல. ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாகத் தடை மாறுகிறது. ஆகவே புன்னாடியின் ஆரை 10 சதவீதம் குறைந்தாலே அதனூடான தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பாதியாகக் குறைந்தால் 16 மடங்காகிறது. இந்தச் சுருக்கத்தைச் செய்வது சுவரில் வளையமாகச் சுற்றியிருக்கும் மழமழப்பான தசை. அயன் கால்வாய்களை, அதாவது மின்னேற்றமுள்ள அணுக்கள் கலமென்சவ்வைக் கடக்கும் வாசல்களை, கொண்டு அதைத் தளர்த்த மருத்துவத்திடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கல்சியம் உள்ளே வரும் கால்வாயை மறிப்பது. மற்றது, பொற்றாசியம் வெளியே போகும் கால்வாயைத் திறந்துவிடுவது.

வெள்ளவத்தையில் நான் உயர்தர உயிரியல் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், பொற்றாசியம் வெளியேறினாலே தசை தளரும் என்றால், அம்மம்மாவின் பிரஷருக்கு ஏன் கல்சியத்தை மறிக்கிற அம்லோடிபினைக் கொடுக்கிறார்கள்? அதைக் குடிப்பவர் பாலைக் குறைக்கவும் வேண்டுமா?” இரண்டாவது கேள்விக்கு உடனே விடை சொல்லலாம்: வேண்டியதில்லை. குருதியில் கல்சியத்தின் அளவைப் பராதைரொயிட்டு ஓமோன் இறுக்கமாகக் காத்துவருகிறது. மருந்து மறிப்பது கலமென்சவ்விலுள்ள கால்வாயை மட்டுமே; எலும்புக்குப் போகும் கல்சியத்தை அது தொடுவதில்லை. முதற் கேள்விதான் என்னை இந்த ஒப்பீட்டை எழுத வைத்தது.

இரண்டு வழிகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமுக்கத்தைத் தாங்கி நிற்கும் நாடியில் தசைக் கலத்தின் மென்சவ்வு மின்னழுத்தம் −40 மில்லிவோல்ற்றை அண்டியிருக்கும். நரம்புக் கலத்தோடு ஒப்பிட்டால் இது அரைவிழிப்பு நிலை. கல்சியம் உள்ளே வரும் முக்கிய வாசலான எல்-வகைக் கல்சியக் கால்வாய்களில் சில எந்நேரமும் திறந்தும் மூடியும் கொண்டிருக்கின்றன. கலத்துக்கு வெளியே கட்டற்ற கல்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு என்பதால், கால்வாய் சிறிது திறந்தாலும் கல்சியம் பாய்ந்து வருகிறது. அது கல்மொடியூலின் என்ற புரதத்தோடு பிணைந்து, தசையைச் சுருக்கும் புரதமான மயோசினுக்குப் பொசுபேற்று ஏற்றும் நொதியத்தை முடுக்குகிறது, தசை சுருங்குகிறது. நாடி எந்நேரமும் ஓரளவு இறுகி நிற்பதும், உள்ளே அமுக்கம் ஏறும்போது தானாகவே மேலும் இறுகுவதும் இதனால்தான். இழுபட்ட நாடி எதிர்த்துச் சுருங்குவதை 1902இல் ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் வில்லியம் பெய்லிஸ் எழுதிவைத்தார். அதன் அயன் கணக்கு விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பொற்றாசியத்தின் வேலை இதற்கு நேரெதிர். பொற்றாசியக் கால்வாய் திறந்தால் நேரேற்றம் வெளியேறி, மென்சவ்வு −85 மில்லிவோல்ற்றை நோக்கி இழுக்கப்படுகிறது. அப்போது கல்சியக் கால்வாய்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மாடிவீட்டில் தண்ணீர் அளவுக்கு மிஞ்சி வந்தால், குழாயை இறுக்கி மூடுவது ஒரு வழி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது மற்றொரு வழி. முடிவு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வீடு முழுவதும் பார்க்கும்போது விளைவுகள் ஒன்றல்ல.

கல்சியத்தை மறிக்கும் பக்கம்

கல்சியக் கால்வாயை மறிக்கும் மருந்து வகையை அறிவியலாக்கியவர் ஜெர்மனியின் பிரெய்பேர்க் நகரில் 1960களில் ஆய்வு செய்த அல்பிரெக்ற் ஃப்ளெக்கென்ஸ்டைன். இந்த வகையைச் சேர்ந்த வெரபமில், டில்டியாசெம் இரண்டும் இதயத்தின் கால்வாய்களையும் கணிசமாக மறிப்பதால் நாடித்துடிப்பைக் குறைக்கின்றன. அமுக்கத்துக்கு மட்டும் மருந்து தேடுபவருக்கு அவை முதல் தெரிவல்ல. நிஃபெடிபின், அம்லோடிபின் குடும்பம் நாடிச் சுவரையே பெரும்பாலும் பிடிக்கிறது.

ஏன் அப்படி? எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். இதயத் தசைக்கும் நாடித் தசைக்கும் எல்-வகைக் கால்வாய் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது மின்னழுத்தம். இதயத் தசைக் கலம் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் −90 மில்லிவோல்ற்றை அண்டி இறங்கி ஓய்கிறது. நாடிக் கலமோ −40இலேயே நிற்கிறது. நீண்டநேரம் குறைமுனைவாக்கம் அடைந்து (அதாவது மென்சவ்வின் எதிர் மின்னழுத்தம் குறைந்து) செயலிழந்த நிலையிலுள்ள கால்வாயோடுதான் இந்த மருந்து வலுவாகப் பிணைகிறது. ஆகவே இறுகி நிற்கும் நாடியே தன் நிலையால் மருந்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. மருந்துக்குள் யாரும் முகவரி எழுதி வைக்கவில்லை. முகவரியைக் கொடுப்பது நோயுற்ற கலத்தின் மின்னழுத்தம்.

குறையும் உண்டு. புன்னாடி விரிகிறது, நாளம் அவ்வளவு விரிவதில்லை. இடையிலுள்ள மயிர்க்குழாய்களில் அமுக்கம் ஏறி, நீர் வெளியே கசிந்து, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இதைச் சிறுநீரகக் கோளாறு என்று நினைத்து அஞ்சுபவர்களைக் கொட்டாஞ்சேனையிலும் பார்த்திருக்கிறேன், பம்பலப்பிட்டியிலும் பார்த்திருக்கிறேன். மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொன்னால் வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், அல்லது நாளத்தையும் விரிக்கக்கூடிய வேறு வகை மருந்தொன்றைச் சேர்க்கலாம்.

பொற்றாசியத்தைத் திறக்கும் பக்கம்

இந்தப் பக்கத்தின் வலிமையான பெயர் மினொக்ஸிடில். கலத்தின் சத்தி மூலக்கூறான ஏ.ரி.பி.க்கு உணர்வுள்ள பொற்றாசியக் கால்வாயை அது திறக்கிறது. வேறு மருந்துகளுக்கு மசியாத அமுக்கத்தையும் இறக்கிவிடும். ஆனால் அது உடலின் எதிர்ப்பைக் கிளப்புகிறது. அமுக்கம் இறங்குவதை உணரும் அமுக்கவாங்கிகள் விழித்து இதயத்தை ஓட வைக்கின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அதனால் வழக்கமாக இதயத்தின் ஓட்டத்தை அடக்கும் பீற்றா தடுப்பி ஒன்றையும் வலுவான சிறுநீர்பெருக்கி ஒன்றையும் துணைக்கு வைத்துத்தான் இதைக் கொடுக்கிறார்கள். அம்லோடிபின் வகையோ சிறுநீரகத்தில் உப்பைச் சிறிதளவு வெளியேற்றவே செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு மிகப் பெரிதாகப் படும் வித்தியாசம் இதுதான்.

நியாயமாகச் சொன்னால், எதிர்ப்பைக் கிளப்புவது பொற்றாசியப் பக்கத்துக்கு மட்டும் உரிய குற்றமல்ல. வேகமாகச் செயற்படும் நிஃபெடிபின் கூடுகளும் (கப்சியூல்கள்) அமுக்கத்தைத் திடீரென இறக்கி இதயத்தைப் படபடக்க வைத்தன. அவற்றை நாவின் அடியில் வைக்கும் பழக்கத்துக்கு எதிராக 1990களில் மருத்துவ உலகம் கடுமையாக எச்சரித்தது. அம்லோடிபின் மெதுவாகச் சேர்ந்து மெதுவாக விலகுகிறது. அதன் அரைவாழ்வுக்காலம் 30 முதல் 50 மணித்தியாலம். அதன் வெற்றியில் பாதி கால்வாய்க்குச் சேரும் என்றால், மறுபாதி இந்த நிதானத்துக்குச் சேரும்.

பொற்றாசியப் பக்கத்தின் அடுத்த சிக்கல், அதே குடும்பக் கால்வாய்கள் உடலெங்கும் இருப்பது. சதையியில் அது திறந்தால் இன்சுலின் சுரப்பு அடங்குகிறது; இந்தக் கால்வாயைத் திறக்கும் மற்றொரு மருந்தான டயசொக்சைட்டு குருதிச் சர்க்கரையை ஏற்றுவது அதனால்தான். மினொக்ஸிடில் எடுப்பவருக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்கிறது. பிறப்பிலேயே இந்தக் கால்வாய் அளவுக்கு மீறித் திறந்திருக்கும் கன்ட்டூ நோய்க்குறித்தொகுதியிலும் குழந்தைகளுக்கு உடலெங்கும் அடர்ந்த முடி உண்டு. மருந்து காட்டியதையும் மரபணு காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கால்வாயின் கைரேகை தெளிவாகத் தெரிகிறது. நிக்கொரண்டில் என்ற மருந்து இதே கால்வாயைத் திறந்து, கூடவே குருதிக் குழாய்களை விரிக்கும் நைத்திரேற்றாகவும் செயற்படுகிறது. அதன் இடம் நெஞ்சுவலி மருந்துகளில். அமுக்க மருந்துகளில் அல்ல.

உடல் எதைத் தெரிவு செய்கிறது?

உடல் தன் சொந்த வேலைக்குப் பெரிதும் நம்புவது பொற்றாசியத்தைத்தான். 1995இல் மார்க் நெல்சன் குழுவினர் நாடித் தசையில் கல்சியத் தீப்பொறிகளைக் காட்டினார்கள். கலத்தின் உட்சேமிப்பிலிருந்து ஒரு சிறு மூலையில் கல்சியம் வெடித்து வெளிவருகிறது. அந்த இடத்தில் செறிவு மிக உயர்ந்தாலும் கலம் முழுவதையும் சுருக்க அது போதாது. ஆனால் பக்கத்திலுள்ள பெரிய பொற்றாசியக் கால்வாயைத் திறக்கப் போதும். விளைவு, கல்சியமே தசையைத் தளர்த்துகிறது! இந்தக் கால்வாயின் பீற்றா-1 துணையலகு நீக்கப்பட்ட எலிகளுக்கு அமுக்கம் உயர்ந்திருந்ததை 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆக, மாணவியின் ஐயம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. பொற்றாசியம் நல்ல ‘பிரேக்’. ஆனால் உடல் அதை இடமறிந்து, கணமறிந்து அழுத்துகிறது. மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் அங்குள்ள புன்னாடியை மட்டும் விரிக்கிறது. குளிசை அப்படிச் செய்ய முடியாது. அது எல்லா நாடிகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. எங்கும் ஒரே நேரத்தில் தொடத்தான் வேண்டும் என்றால், இறுக்கத்தின் அளவைப் பார்த்துப் பிணையும் கல்சியப் பக்கமே மேல் என்பது என் முடிவு. நாள்தோறும் எடுக்க வேண்டிய மருந்தாக அம்லோடிபின் பெற்ற இடம் அதற்குத் தகும். இலங்கையில் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரோடு நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், குறைந்த அளவு அம்லோடிபினோடு வேறு இரு மருந்துகளையும் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் குருதியமுக்க இலக்கை எட்டியவர்கள் சுமார் 70 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் சுமார் 55 சதவீதம். நம் ஊர் மனிதர்களிடம் கிடைத்த விடை என்பதால் இதை நான் வகுப்பில் எப்போதும் சொல்கிறேன்.

காலி வீதியோரத்தில் வெட்டித் தரும் செவ்விளநீர் இந்தப் போட்டியில் சேருமா என்றும் கேட்பார்கள். அதில் பொற்றாசியம் தாராளமாக உண்டு. உணவில் பொற்றாசியம் கூடி உப்புக் குறைந்தால் அமுக்கம் சற்று இறங்கும். அது பெரும்பாலும் சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதால் நடக்கிறது. மினொக்ஸிடில் திறக்கும் வாசலை இளநீர் திறப்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களும் பொற்றாசியத்தைத் தேக்கும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அதை அளவின்றிக் குடிக்கக் கூடாது.

மினொக்ஸிடில் இப்போது உலகெங்கும் தலைமுடிக்காகவும் சிறிய அளவில் விழுங்கப்படுகிறது. அமுக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு நாளுக்கு 5 முதல் 40 மில்லிகிராம். முடிக்கு 5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ. அளவு சிறிதானாலும் கால்வாய் அதேதான். முடிக்காக அதை எடுப்பவர் ஏற்கெனவே பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவராக இருந்தால், அதை அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கணுக்கால் வீங்கும்போது வைத்தியர் அம்லோடிபினை மட்டும் சந்தேகித்து அதை நிறுத்திவிடக்கூடும்.