பெயரில்லாக் கோளில் ஒரு தனி ஊசல்: ஃபெட் சிமுலேஷன் மதிப்புரை

அறிவியலில் பாடப்பொருளைத் தனியாகவும், ஆய்ந்து முடிவெடுக்கும் திறனைத் தனியாகவும் கற்பிக்க இயலாது என்பதை ஆசிரியர் பலரும் ஒப்புக்கொள்வர்; ஆயினும் இரண்டையும் ஒரே பாடவேளையில் பிணைக்கும் கருவி எளிதில் அமைவதில்லை. 2001-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இலவச சிமுலேஷன்களுள் (கணினித் திரையில் செய்து பார்க்கும் சோதனை மாதிரிகளுள்) ஒன்றான ‘தனி ஊசல்’ அத்தகைய கருவி என்பது, அதைப் பலமுறை வகுப்பில் பயன்படுத்திய என் கணிப்பு.

திரையில் ஊசலின் நீளம், குண்டின் நிறை, ஈர்ப்பு, உராய்வு ஆகிய நான்கையும் மாற்றலாம். இரண்டு ஊசல்களை அருகருகே ஆடவிட்டு ஒப்பிடவும் இயலும். ஈர்ப்புப் பட்டியலில் நிலவு, பூமி, வியாழன் ஆகியவற்றுடன் ‘கோள் எக்ஸ்’ என்றொரு கோளும் உண்டு. அதன் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்பதைத் திரை சொல்வதில்லை.

கருவியின் உயிர் இந்த மறைப்பில்தான் இருக்கிறது. ஊசலின் நீளத்தையும் ஈர்ப்பையும் அலைவு நேரத்தோடு (ஊசல் ஒருமுறை சென்று திரும்பும் நேரத்தோடு) இணைக்கும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே, “இக்கோளின் ஈர்ப்பைக் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் கூறினால், மாணவர்கள் முதலில் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிக் குழம்புவார்கள். பிறகு, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்க வேண்டும் என்பதைத் தாமே உணர்வார்கள். நிறையை எவ்வளவு கூட்டினாலும் அலைவு நேரம் மாறாதபோது எழும் வாக்குவாதம், சான்று காட்டி வாதிடும் பயிற்சியாகவே அமைந்துவிடுகிறது. பூமியில் 1 மீட்டர் நீள ஊசலுக்கு ஏறத்தாழ 2 விநாடி; அலைவு நேரத்தைப் பாதியாக்க நீளத்தைக் கால் மீட்டராகக் குறைக்க வேண்டும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்திற்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும் என்பது இங்கிருந்தே புலப்படுகிறது. அதே வரைபடத்தைப் பெயரில்லாக் கோளுக்கும் வரைந்து, கோட்டின் சாய்விலிருந்து விடையைப் பெறலாம். பாடநூல்கள் ‘சிறு கோணம்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடும் நிபந்தனையும் (ஊசல் சிறிதளவே சாய்ந்து ஆடும்போதுதான் சூத்திரம் பொருந்தும் என்பது) இங்கே கண்முன் நிற்கிறது: குண்டை 90 பாகை வரை இழுத்து விட்டால் அலைவு நேரம் சுமார் 18 விழுக்காடு கூடுகிறது.

குறைகளும் உண்டு. அலைவு நேரத்தைத் தானே அளந்து சொல்லும் கடிகாரம் திரையிலேயே இருப்பதால், பத்து அலைவுகளை எண்ணிச் சராசரி காண வேண்டிய தேவை மாணவருக்கு எழுவதில்லை. நூல் நீள்வதில்லை, முடிச்சு நழுவுவதில்லை. ஆகவே பிழையைக் கையாளும் திறனை இக்கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் கருவிக்கு வெளியே உள்ளது: என் கைக்கு வந்த ஒரு பயிற்சித்தாள், எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று படிப்படியாகக் கட்டளையிட்டு, சூத்திரத்தையும் முதல் வரியிலேயே அச்சிட்டிருந்தது, மாணவருக்கு மிஞ்சியது கட்டங்களை நிரப்பும் வேலை மட்டுமே.

எனவே முதல் பாடவேளையில் நூலும் குண்டும் நிறுத்துக் கடிகாரமும் கொடுத்துக் கைப்பட அளக்கச் செய்து, குழுக்களின் விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்று பேசவிட்ட பிறகே, இரண்டாவது பாடவேளையில் இந்தச் சிமுலேஷனைத் திறக்கிறேன்.