எம்-3 கணக்கு: திரும்பத் திரும்பப் படிப்பதா, வெற்றுத்தாளில் போடுவதா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பருக்கு 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்' என்று பெயர். ஹாஸ்டலில் எம்-3 என்றால்தான் தெரியும். முதல் தடவை எனக்கு அது அரியர். அடுத்த தடவை நல்ல மார்க்கோடு தேறினேன். இரண்டு தடவையும் உட்கார்ந்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். படித்த விதம்தான் மாறியது.

முதல் தடவை எல்லோரையும் போல, விடையோடு கணக்குகள் இருக்கும் கைடை எடுத்துக்கொண்டு ஸ்டடி லீவில் மூன்று முறை புரட்டினேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்தபோது எல்லாமே பார்த்த கணக்குகள்தான். ஆனால் எதையும் முடிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை கைடை மூடி வைத்துவிட்டு, பழைய கேள்வித்தாளும் வெள்ளைத்தாளும் மட்டும் வைத்துக்கொண்டு போட்டேன். என் ஓட்டு இதற்குத்தான்.

வேறு வழிகளும் உண்டு. வீடியோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு யூனிட் அடியோடு புரியவில்லை என்றால் என்பிடெல் (ஐஐடி ஆசிரியர்களின் இணைய வகுப்புகள்) போல ஒரு நல்ல லெக்சரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. குரூப் ஸ்டடியில் நான் நாலைந்து முறைதான் உட்கார்ந்திருப்பேன். அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்குகள் எனக்கு நன்றாக நின்றன, கேட்டுக்கொண்டிருந்தவை நிற்கவில்லை. அவ்வளவு அனுபவத்தை வைத்து அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று படித்ததில் பத்து நாள் கழித்து எவ்வளவு மிஞ்சும்? எம்-3-இல் ஐந்து யூனிட். டூ மார்க் பத்து, அப்புறம் 16 மார்க் ஐந்து, மூன்று மணி நேரம். முதல் யூனிட்டைப் படித்த நாளுக்கும் பரீட்சைக்கும் நடுவில் எப்படியும் சில நாள் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் கைடு என்னைக் கைவிட்டது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மைனஸ் பையிலிருந்து பை (π) வரை எக்ஸ் ஸ்கொயருக்கு ஃபோரியர் சீரிஸ் (சைன், காஸ்களின் கூட்டலாக எழுதும் தொடர்) கண்டுபிடித்து, அதிலிருந்து 1 + 1/4 + 1/9 + … என்று போகும் தொடரின் கூட்டல் பை ஸ்கொயரில் ஆறில் ஒரு பங்கு என்று காட்ட வேண்டும். கைடில் இன்டக்ரேட் பண்ணுவதற்கான பெர்னோலி ஃபார்முலா போட்டதும் சைன் இருக்கும் இரண்டு உறுப்புகளும் பூஜ்யமாகிவிடும், நடுவில் காஸ் உறுப்பு மட்டும் நிற்கும். படிக்கும்போது 'ஆமாம், சரி' என்று கண் தாண்டிப் போய்விடும். வெள்ளைத்தாளில் போட்டால் அந்த நடு உறுப்பில்தான் மாட்டுவோம். ஃபார்முலாவில் ஒரு மைனஸ், சைனை இன்டக்ரேட் பண்ணும்போது வரும் மைனஸ் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பிளஸ் ஆக வேண்டும். நான் ஒன்றை விட்டுவிட்டேன். கடைசியில் எக்ஸுக்குப் பை போட்டால், கூட்டல் மைனஸில் வந்து நிற்கிறது. எல்லாமே பாசிட்டிவ் எண்கள், கூட்டினால் எப்படி மைனஸ் வரும்? இருபது நிமிடம் பின்னால் போய்த் தேடி அந்த மைனஸைப் பிடித்தேன். அந்த இடம் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டு தடவை படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. அது உரைநடைப் பகுதி, கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முதல் தடவை எனக்கு நடந்தது இதேதான்.

வெள்ளைத்தாளில் ஒரு கஷ்டம் உண்டு. முதல் வாரம் மனசு விட்டுப்போகும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தால் மூன்று கணக்குதான் முடியும். அதே நேரத்தில் பக்கத்து அறைப் பையன் ஒரு யூனிட்டையே முடித்திருப்பான். அதைப் பார்த்துக் கைடைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். தப்பாகப் போன கணக்குக்கு ஒரு புள்ளி வைத்து, மூன்று நாள் விட்டு ஒரு தடவை, பத்து நாள் விட்டு ஒரு தடவை திரும்பப் போடுங்கள். இரண்டாம் தடவை பாதி நேரம்கூட ஆகாது.

தியரி பேப்பர்களுக்கு இந்த முறையை இரண்டு செமஸ்டர்தான் பயன்படுத்தினேன். பலன் இருந்தது, கணக்கு அளவுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. டூ மார்க்குகளை மட்டும் பரீட்சை அன்று காலையில் இன்றும் படித்துவிட்டுத்தான் போவேன். இரண்டு மணி நேரம் நின்றால் போதும் என்ற விஷயத்துக்குப் படிப்பதே சரி.