தாழ்த்திய காரில் நெடும்பயணம்: ஸ்பிரிங்கா, காயிலோவரா, ஏர் சஸ்பென்ஷனா?

காரைத் தாழ்த்திய நாலாம் நாளே நெடும்பயணம் கிளம்பியவன் நான். போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வளைவுகளில் வண்டி சாயாமல் திரும்பியதில் எனக்கே கொஞ்சம் மிதப்பு. திரும்பி வரும் வழியில் டயருக்குக் காற்று பிடிக்கக் குனிந்தவன், யதேச்சையாக முன் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் தடவினால் வழுக்கியது. எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல் மாதிரி விரலைப் பிடித்தது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு போலத்தான் இருந்தது. மாட்டிக் கொடுத்த இடத்தில், "கொஞ்ச நாள் ஓட்டுங்க, ஸ்பிரிங் செட் ஆனதும் அலைன்மென்ட் பார்த்துக்கலாம்" என்றார்கள். தாழ்த்தியதில் சக்கரங்களின் கோணம் மாறியிருந்தது; அதைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு விலை இரண்டு டயர்.

அதே வண்டியில் பிறகு காயிலோவர் மாட்டினேன்: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய அமைப்பு. ஏர் சஸ்பென்ஷன் வைத்த நண்பரின் காரை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வெகுதூரம் போயும் வந்திருக்கிறேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு அடிபட்டாயிற்று. நாலாவதாக ஒரு வழியும் உண்டு: ஏற்கெனவே இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுப்பது. அறுத்த முனை அதற்கான குழியில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் இடம் விட்டு நகரலாம். அதை இந்தப் போட்டியில் சேர்க்கவே போவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. பெரும்பாலானவர்கள் வண்டி எவ்வளவு இறங்கியது என்றுதான் அளக்கிறார்கள். நெடும்பயணத்துக்குத் தேவையான அளவு வேறு: சுமை ஏற்றிய பிறகு சக்கரம் மேலே எழும்ப எவ்வளவு இடம் மிச்சம்? பழைய நிலையில் 80 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. தாழ்த்தினால் 45. நாலு பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் பின்பக்கம் இன்னும் 25 போகும். மிஞ்சுவது 20 மி.மீ., இரண்டு விரல் கனம் கூட இல்லை. அதற்கு மேல் சக்கரம் எழும்பினால் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் போய் முட்டும். தனியாக ஓட்டிப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்று சொன்ன வண்டி, குடும்பத்தோடு போகும்போது ஒவ்வொரு மேட்டிலும் 'டம்' என்று அடிப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

லோயரிங் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். பொதுவாக 25 முதல் 40 மி.மீ. வரை இறக்கும். இடம் குறைந்ததை ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகவே செய்திருப்பார்கள். இதன் பெரிய பலம், இதில் திருகுவதற்கு எதுவுமே இல்லை என்பது. மாட்டியாயிற்று, அவ்வளவுதான், நடுவழியில் கழன்றுகொள்ள வளையமும் இல்லை, கசிய குழாயும் இல்லை. பலவீனம் ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. பழைய ஷாக், பழைய உயரத்துக்கும் பழைய ஸ்பிரிங்கின் கடினத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. கடினமான ஸ்பிரிங் துள்ளி எழும்போது அதைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெம்பு போதாது. ஏற்கெனவே நிறைய ஓடிய ஷாக் என்றால் கேட்கவே வேண்டாம்: நெடுஞ்சாலையில் ஒரு அலையைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை தலையாட்டிக்கொண்டே போகும். ஆகவே ஸ்பிரிங்கோடு குட்டை ஷாக்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஷாக் செய்யும் பில்ஸ்டைன் நிறுவனத்தில் பி6 என்பது பழைய உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய வண்டிக்கென்றே குட்டையாக்கியது. இந்த வித்தியாசம் தெரியாமல் பி6-ஐ வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

காயிலோவரின் கவர்ச்சி வேறு. உயரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், பலவற்றில் ஷாக்கின் இறுக்கத்தையும் திருகலாம். இங்கேயும் ரகம் பார்க்க வேண்டும். காயிலோவர் செய்யும் கே.டபிள்யூ. நிறுவனத்தின் வரிசையையே பாருங்கள்: வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும் மாற்றலாம், 2-இல் ஸ்பிரிங் விரியும்போதான இறுக்கத்தையும், 3-இல் அமுங்கும்போதான இறுக்கத்தையும் சேர்த்து மாற்றலாம். இன்னொரு வித்தியாசம் விளம்பரத்தில் அவ்வளவாக வராது. சில காயிலோவர்களில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைக் கீழே இறக்கித்தான் வண்டியைத் தாழ்த்த முடியும். தாழ்த்தத் தாழ்த்த ஷாக்கின் ஓட்டம், அதாவது அது அமுங்க மிச்சமிருக்கும் தூரம், குறைந்துகொண்டே வரும். வேறு சிலவற்றில் அடிப்பகுதியே தனியாகத் திருகி இறங்கும். ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். தூரம் போகிறவர்களுக்கு இரண்டாவது வகைதான்.

திருகும் வசதி இருக்கிறதே, அதில்தான் எனக்கு அடுத்த பாடம். கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்து, விரியும் இறுக்கத்தை நிறைய கூட்டி வைத்துக்கொண்டு கிளம்பினேன். வரிசையாக மேடுபள்ளம் வந்த சாலையில் முதல் மேடு பரவாயில்லை. இரண்டாவது கொஞ்சம் உறைத்தது. ஐந்தாவதில் பம்ப் ஸ்டாப்பில் அடித்தது. காரணம் சுலபம்: அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவதற்கு ஷாக் நேரம் கொடுக்கவில்லை, அடுத்த மேடு வருவதற்குள் வண்டி முழுசாக எழும்பவில்லை, ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கப்பட்டது. ஓரமாக நிறுத்தி நாலு சக்கரத்திலும் இறுக்கத் திருகியை நாலு கிளிக் (ஒவ்வொரு படிக்கும் ஒரு 'கிளிக்') தளர்த்தினேன். அதே சாலை, வேறு வண்டி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், இடது பின் ஷாக் வலதைவிட மூன்று கிளிக் வித்தியாசத்தில் இருந்திருக்கிறது. எண்ணும்போது யாரோ கூப்பிட்டிருப்பார்கள் போல! அதிலிருந்து முழு இறுக்கம்வரை திருகிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

காயிலோவர் புதிதாக மாட்டியதும் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும். பூட்டு வளையமும் லேசாகத் தளரலாம். அதற்கான கொக்கி ஸ்பேனர் இல்லாமல் தூரப் பயணம் கிளம்பாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷனுக்கு வருவோம். ஸ்பிரிங் இருந்த இடத்தில் காற்றுப் பை. கூடவே கம்ப்ரஸர், டேங்க், வால்வு, குழாய், கட்டுப்பாட்டுப் பெட்டி. ஓட்டும்போதே உயரம் மாற்றும் ஆசை புதிதல்ல. 1955-இல் வந்த சிட்ரோன் டி.எஸ். எண்ணெயையும் வாயுவையும் வைத்து, சுமை ஏறினாலும் தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொண்டது. நெடும்பயணத்தில் ஏர் சஸ்பென்ஷன் மற்ற இரண்டையும் அடித்து உட்கார வைக்கும் இடமும் இதுதான். மேலே சொன்ன 80, 45, 20 கணக்கு இதற்குப் பொருந்தாது. டிக்கியை நிரப்பிவிட்டுப் பின்பக்கம் காற்றழுத்தத்தைக் கூட்டினால் உயரம் பழையபடி வந்துவிடும்; பை அதற்கேற்பக் கடினமும் ஆவதால் சொகுசும் பெரிதாக மாறாது. வேகத்தடை வந்தால் ஒரு பட்டன். நண்பர் ஒவ்வொரு தடவையும் அதை அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். எரிச்சலாக இருக்கும், ஆனால் நியாயமான பெருமை.

ஆனால் படத்தில் பார்க்கும் தரையோடு படுத்த கோலம் நிறுத்தி வைப்பதற்கு மட்டும். ஓட்டுவதற்கென்று ஒரு உயரத்தை முடிவுசெய்து, வீல் அலைன்மென்டை அந்த உயரத்தில்தான் செய்ய வேண்டும். நேரத்துக்கு ஒரு உயரத்தில் ஓடினால் என் டயருக்கு நேர்ந்ததுதான் நேரும். அடுத்து, பை எதிலாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பையைக் கொல்வது பெரும்பாலும் உரசல்தான். வண்டியை முழுசாக ஏற்றி, முழுசாக இறக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு உயரத்தைக் குறித்துவைத்துக் காலையில் மறுபடி அளந்தால் கசிவு தெரிந்துவிடும். எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் போதும். டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் நடுவழியில் ஒரு பை கிழிந்தால் இழுவை வண்டிதான். ஸ்பிரிங் வைத்திருப்பவர் இந்தக் கவலையே இல்லாமல் தூங்குவார்.

எதை மாட்டினாலும் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கியது சக்கரம் தரையில் நின்றபோதா, லிஃப்டில் தொங்கியபோதா? தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் அந்த இணைப்பிலுள்ள புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் இரண்டு தடவை: மாட்டிய அன்றே ஒன்று, 500 கி.மீ. ஓடி அமர்ந்த பிறகு ஒன்று. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் சாய்வு) கொஞ்சம் சாய்ந்திருந்தால் டயர் தாங்கும். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) விலகியிருந்தால் தாங்காது. ஹெட்லைட் கோணத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பஞ்சர் விஷயம் பலருக்குத் தோன்றாது. தாழ்த்திய கார், அதிலும் காற்று இறங்கிய டயர். வண்டியோடு வந்த ஜாக் அடியில் நுழையவே நுழையாது. சாலையோரம் முட்டி போட்டு ஜாக்கைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. கடைசியில் ஒரு பலகையை டயருக்கு முன்னால் போட்டு, வண்டியை மெல்ல அதன்மேல் ஏற்றித்தான் இடம் கிடைத்தது. அந்தப் பலகை இன்னமும் டிக்கியில் இருக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், 30 மி.மீ.க்கு மேல் போகாத ஸ்பிரிங்கும் அதற்கேற்ற குட்டை ஷாக்கும். சுமை அடிக்கடி மாறும், பராமரிப்புக்கும் அலுப்பில்லை என்பவருக்கு ஏர். காயிலோவர், பயணத்தைவிட வளைவுகளை அதிகம் நேசிப்பவர்களுக்கு. அவர்களும் அதை உயர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினால் குறை சொல்ல மாட்டேன். எதுவானாலும் கிளம்பும் முந்தின மாலையே ஆட்களையும் மூட்டையையும் ஏற்றிப் பாருங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து, ஏற்றும் முன்னும் பின்னும் அளங்கள். பிறகு அருகிலிருக்கும் வேகத்தடைமேல் ஒருமுறை மெதுவாக ஏறி இறங்குங்கள். 'டம்' என்று கேட்டால் ஒரு பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.