டவுனா, சிந்தெட்டிக்கா? கேதார்காந்தா பனியில் ஒரு தூக்கப் பஞ்சாயத்து

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்கு ட்ரெக்கிங் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: ஸ்லீப்பிங் பேக் டவுனா, சிந்தெட்டிக்கா? அடிவாரக் கிராமமான சங்க்ரியிலிருந்து ஏறி, சுமார் 9,100 அடியில் ஜூடா கா தாலாப் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டால், வெளியே வைத்த தண்ணீர் பாட்டில் விடிவதற்குள் கல்லாகிவிடும். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

டவுன் என்பது வாத்தின் மென்தூவி. உப்பி நின்று காற்றைப் பிடித்து வைப்பதால்தான் கதகதப்பு. அதே சூட்டுக்கு எடை குறைவு, சுருட்டினால் சின்னதாக அடங்கும், ஒழுங்காக வைத்திருந்தால் பல வருஷம் உழைக்கும். நனைந்தால் மட்டும் கதை கந்தல். தூவி கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். நனைய மழை வரவேண்டும் என்பதில்லை. ராத்திரி முழுக்க நாம் விடும் மூச்சே கூடாரத்தின் உட்புறம் படிந்து உறைகிறது. காலையில் யாராவது ஜிப்பை இழுத்தால் பொடிப்பொடியாக முகத்தில் கொட்டும். என் டவுன் பையின் கால்பக்கம் கூடாரத் துணியை ஒட்டிக் கிடந்தது. இரண்டாம் நாள் தடவிப் பார்த்தால் ஈர இட்லித்துணி!

சிந்தெட்டிக் என்பது செயற்கை இழை அடைத்த பை. கனம். ரக்சாக்கில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அமுக்கி அமுக்கி வைத்தால் சில வருஷத்தில் இழை தளர்ந்துவிடும். ஆனால் ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. வருஷத்துக்கு ஒரு தடவை மலை ஏறுகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். டவுன்தான் வேண்டும் என்றால், குளிருதே என்று கூடாரத்தின் காற்றுவழியை அடைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் பையில் இரண்டு வெப்பநிலை எண்கள் போட்டிருக்கும். சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிரைச் சொல்லும் 'லிமிட்' எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம், நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிரைச் சொல்லும் 'கம்ஃபர்ட்' எண்ணைப் பாருங்கள். சென்னை வெயிலில் வளர்ந்த உடம்பு நமக்கு.

அப்புறம், பலரும் கவனிக்காத விஷயம் மேட். படுத்ததும் முதுகுக்கு அடியில் எந்தப் பையும் தட்டையாகிவிடும். அங்கே குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். தரைக்குளிரை மேட் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆர் மதிப்பு (R-value), கூடினால் நல்லது. சாதாரண ஃபோம் மேட்டில் அது 2 அளவில் இருக்கும், பனிக்குப் போதாது. குளிர்காலத்துக்கென்றே வரும் காற்று மேட் 4, 5 என்று போகும், ஆனால் ஒரு முள் குத்தினால் முடிந்தது. நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிறேன். ஃபோம் கீழே, காற்று மேட் மேலே. அடுக்கினால் ஆர் மதிப்பும் கூடும், நடுராத்திரி காற்று இறங்கினாலும் முதுகு பனியில் படாது.